இரண்டாவது இசைத்தட்டு

மல்லேஸ்வரம்
10 ஜூன் 2025

கிரண்,

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாதது இதுதான்: "அம்மா, இவர் ரிப்பேருக்கு வந்தவர் இல்லை. இவர் பெயர் கிரண். மே ஐந்தாம் தேதி நாங்கள் இரண்டு பேரும் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்."

பின்னால் வரும் இரண்டு வாக்கியங்களையும் ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். முதல் வாக்கியம் தேவைப்படும் என்று நினைக்கவே இல்லை. அப்பா ரிப்பேர் கடைக்கு போன் செய்து, இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. நீ வேலை முடிந்து நேராக வந்தாய், தோளில் டூல்ஸ் இருக்கும் அந்தக் கறுப்புப் பையோடு. அம்மா கதவைத் திறந்தாள்.

"டர்ன்டேபிள் பாக்கத்தானே வந்தேள்? செருப்பை அங்கயே விட்டுடுங்கோ. ஏன்னா, ஆள் வந்தாச்சு!"

நீ அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய். நீ எனக்குப் போதுமான நேரம் கொடுத்தாய் என்பதை எழுதி வைக்கிறேன். பிறகு நான் வாயைத் திறந்தேன். "பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னால இருக்கு" என்றேன்.

நீ "சரிங்க மேடம்" என்றாய்.

அதற்குப் பிறகும் எத்தனை முறை சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் கழித்து நிஜமான மெக்கானிக் உமேஷ் வந்தான். உன்னைத் தெரிந்தவன் வேறு. "ஏய் கிரண், நீ எப்படி இங்க, குரு?" என்றான். நீ வாசலுக்குப் போய் அவன் தோளைத் தட்டி, "நானே பாத்துட்டேன் மச்சா, நீ கௌம்பு" என்று அனுப்பினாய். அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா உனக்குப் பேப்பர் கப்பில் காபி கொடுத்தபோது சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பேப்பர் கப் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரியாது. நீ கிளம்பும்போது அப்பாவின் பழைய சட்டைகளைப் பையில் போட்டு நீட்டினாளே, "நல்ல துணிதான்ப்பா, ஒண்ணும் கிழியலை" என்று, அப்போதாவது. நீ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

என்னால் தாங்க முடியாதது வேறு. அன்று நீ வந்ததே பழைய ஆங்கிலப் பாடகன் டாமி கெல்லரனின் இரண்டாவது இசைத்தட்டைக் கேட்க. இரண்டு தட்டுத் தொகுப்பில், தெருவில் யாரோ வீசியிருந்த அட்டைப்பெட்டியிலிருந்து உன் அப்பா எடுத்துவந்தது முதல் தட்டு மட்டும்தான். அந்தப் பத்துக் காதல் பாட்டுகளோடுதான் நீ வளர்ந்தாய். மீதிப் பத்தை போனில் கேட்கவே கூடாது, எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அப்பாவின் தட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்பேன் என்று இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்தாய். கடைசியில் தரையில் முட்டிபோட்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு கேட்டாய். நான் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். நீ வேலை செய்யும் கடைக்கு வந்தால் லீவு என்கிறார்கள். அதனால் இதை மமதாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் தங்கைக்கு என்மேல் கோபம் இருப்பது அவள் போனில் பேசிய விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

நோட்டீஸுக்கு மூன்று மாதம்தான் ஆயுள். ஆகஸ்ட் ஐந்துக்குள் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குள் என்னோடு பேசு. திட்டவாவது திட்டு.

அதிதி


ஸ்ரீராம்புரம்
19 ஜூன்

அதிதி,

நான் தமிழ் எழுதுவது மெதுவாகத்தான். பள்ளிக்கூடத்தில் கன்னடம். மமதா சினிமாப் பத்திரிகை பார்த்துக் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் திருத்தாதே.

போனில் பேசமாட்டேன். போனில் நீ அழுவாய், நான் "பரவாயில்ல விடு" என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். காகிதத்தில் அப்படிச் சொல்ல வராது.

நீ எழுதியதெல்லாம் நடந்ததுதான். ஒன்றை விட்டுவிட்டாய். உன் அப்பா.

பெல்ட் தளர்ந்து தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியிருக்கும், பாடுபவர் குரல் தடித்து வயசானவர் குரலாகக் கேட்டிருக்கும். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நான் புதுப் பெல்ட் போட்டு, வேகத்தைச் சரிசெய்து, இரண்டாவது தட்டை வைத்தேன். கெல்லரன் பாட ஆரம்பித்ததும் உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யாருப்பா இது? இது அவன் இல்லையே" என்றார்.

"அவர்தான் சார். இதான் அவர் குரல்."

"இவன் சின்னப் பையன் மாதிரின்னா இருக்கான்!"

"பாடும்போது முப்பது வயசுதானே சார் இருக்கும்."

அப்புறம் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாலு பாட்டு சேர்ந்து கேட்டோம். "பாருப்பா, இவன் பாடலை, நம்ம தோள்ல கையைப் போட்டுண்டு பேசறான்" என்றார். நான், "ஆர்க்கெஸ்ட்ரா முன்னாடி போகுது சார், அவர் வேணும்னே பின்னாடி வர்றார்" என்றேன். அவர் என் முதுகில் தட்டி, "அடேய், காது இருக்குடா உனக்கு!" என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னை இல்லை, என்னை.

சட்டைகளை அப்பா போட்டுக்கொள்கிறார். அளவு சரியாக இருக்கிறது. யார் கொடுத்தது என்று கேட்டார். கஸ்டமர் என்றேன். பொய் இல்லையே.

ஆகஸ்ட் ஐந்து எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். நான் யார் என்று உன் வீட்டில் சொல். எங்கிருந்து வருகிறேன், என் அப்பா என்ன வேலை பார்த்தார், எல்லாம். சொன்னபிறகு எழுது. நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

கிரண்


மல்லேஸ்வரம்
24 ஜூன்

கிரண்,

உன் கடிதம் ஆபீஸ் வரவேற்பறைக்கு வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் கேபில் அதைப் பத்து முறையாவது படித்திருப்பேன். மேம்பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றோம், முதல் முறையாக டிராஃபிக்கை வாழ்த்தினேன்.

இரண்டாவது தட்டைத் தினமும் கேட்கிறேன். அப்பா நடைக்குப் போனதும் போடுகிறேன். நீ சரிசெய்த வேகத்தில்.

அதன் மூன்றாவது பாட்டு உனக்கு நினைவிருக்கும். ஒருவன் தன் பழைய காதலியின் வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே வரவில்லை, மழை விட்டுவிட்டது என்று சொல்லத்தான் வந்தேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. மூன்று முறை விடைபெறுகிறான், மூன்று முறையும் போகவில்லை. கடைசி வரிக்கு முன்னால் வயலின்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. அவன் மூச்சு இழுப்பது கேட்கிறது. மெதுவாகச் சுற்றிய காலத்தில் அதைப் பெருமூச்சு என்று நினைத்திருந்தேன். ஐம்பது வயது மனிதன், எல்லாவற்றையும் பார்த்தவன், நிதானமாக மூச்சு விடுகிறான் என்று. இப்போது கேட்டால் அது சின்ன, அவசரமான மூச்சு. குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பவன் இழுப்பது போல. பயந்துபோயிருக்கிறான், கிரண். இத்தனை வருஷமாக ஒருவனுடைய பயத்தை நாங்கள் நிதானம் என்று ரசித்திருக்கிறோம்.

ஆறாவது பாட்டில் அவன் எதையுமே கேட்பதில்லை. அவள் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: விளக்கு, ஜன்னல் திரை, குடை. அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. குடை என்று சொல்லும் இடத்தில் மட்டும் குரல் ஒரு நூல் அளவு இறங்குகிறது. நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியும் வராதது அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. உன்னோடு உட்கார்ந்து கேட்டிருந்தால் நீ அந்த இடத்தில் என் மணிக்கட்டை அழுத்தியிருப்பாய்.

வீட்டில் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. இந்த வாரம் முடியாது.

உன் எழுத்தில் பிழை எதுவும் இல்லை.

அதிதி


ஸ்ரீராம்புரம்
3 ஜூலை

அதிதி,

உன் கடிதத்தை மமதாவுக்குப் படித்துக் காட்டினேன். பாட்டு பற்றி எழுதியதை மட்டும். "அக்கா சூப்பரா எழுதறாங்கடா. வீட்ல சொன்னாங்களா?" என்றாள். கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை. "டைம் பாக்கறாங்க" என்றேன். "டைம் பாக்கறதுக்கு பஸ்ஸா வரப்போவுது?" என்றாள்.

நீ பாட்டு பற்றி எழுதியது நன்றாக இருந்தது. நானும் ஒன்று சொல்கிறேன். இருபது பாட்டையும் இப்போது கேட்டாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன். பதினாலு பாட்டில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். ஒரு பாட்டிலாவது என்ன செய்தான் என்று சொல்கிறானா பார். சொல்லமாட்டான். குரல் அவ்வளவு அழகு, கேட்பவனுக்குக் கேட்கவே தோன்றாது. எனக்கும் இத்தனை நாள் தோன்றவில்லை.

இரண்டாவது தட்டு எனக்கு எப்படி இவ்வளவு நினைவிருக்கிறது என்று யோசிப்பாய். உன் அப்பா போன் செய்தார். மெக்கானிக் நம்பர் என்று அவர் போனில் என்னை ஏற்றியிருக்கிறார். உன்னை பிளாக் செய்தேன், அவரைச் செய்ய மனசு வரவில்லை. போன வியாழக்கிழமை நீ ஆபீஸில் இருக்கும்போது வந்தேன். பழைய வேகமே வேண்டும் என்றார்.

"சார், அது அவர் குரல் இல்ல. தப்பு."

"தப்பா இருக்கட்டும்ப்பா. எனக்கு அதான் அவன். இந்தப் பையனை எனக்குத் தெரியாது."

அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. திருப்பினேன். பழைய கெல்லரன் வந்தார். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டார். உன் அம்மா காபி கொடுத்தார். அதே கப்.

ஒரு மாதம் இருக்கிறது.

கிரண்


மல்லேஸ்வரம்
15 ஜூலை

கிரண்,

நீ வந்துபோனதை அப்பா சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருந்தார். "அந்தப் பையன் கெட்டிக்காரன்டி. படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பான்." நீ டிப்ளமோ முடித்தவன் என்று எனக்குத் தெரியும். சாம்பாரைத் தள்ளி வைத்தேன், சொல்லவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். உன்னிடம் எதையும் மறைக்கவில்லை என்பது மட்டும்தான் என் பக்கம் மீதியிருக்கிறது.

உன் கடிதத்துக்குப் பிறகு அந்தத் தட்டைத் தொடவில்லை. நீ எழுதியது பாட்டுகளைப் பற்றி மட்டும் இல்லை என்று புரியாமல் இல்லை.

என்ன பயம் என்று நீ கேட்பாய். அப்பா அடிக்கமாட்டார். அறையில் போட்டுப் பூட்டமாட்டார். சத்தம்கூடப் போடமாட்டார். எழுந்து போய் ரெக்கார்டை உறையில் போடுவார், உறையை வரிசையில் வைப்பார், பிறகு நான் அந்த வீட்டில் ஒரு விருந்தாளி. பத்ரிநாத் அண்ணா அமெரிக்காவில் அவனுக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டபோது அப்படித்தான் நடந்தது. இன்றைக்கும் அண்ணா போன் செய்தால் அப்பா, "சௌக்கியமா? அங்கே குளிரா?" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அந்த இரண்டு கேள்விக்குப் பயப்படுகிறேன். அவமானமாக இருக்கிறது, ஆனால் அதுதான்.

ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. கேபில் தூங்கி ஆபீஸ் தாண்டிப் போய்விடுகிறேன். ஒரு வரி எழுது. கோபமாக இருந்தாலும் எழுது. உன் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்துப் பன்னிரண்டு நாளாகிறது.

ஜூலை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

அதிதி


மல்லேஸ்வரம்
28 ஜூலை

கிரண்,

சொல்லிவிட்டேன்.

நீ எழுதவில்லை. அது சரிதான், நீ கேட்டது சொன்னபிறகுதானே. நேற்று காலை, ஞாயிற்றுக்கிழமை. அப்பா கெல்லரனைப் போட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, கிரண் மெக்கானிக் இல்லை" என்றேன்.

"பின்ன? நன்னாத்தானே பண்றான்."

"அவரை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுத்தாச்சு."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "எந்தக் கிரண்? சட்டை குடுத்தேனே, அவனா?" அப்படியே சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா எழுந்து போய் சத்தத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை, குறைத்தார். அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

"வீடு எங்க?"

"ஒக்கலிபுரம்" என்றேன்.

ஸ்ரீராம்புரம் என்று சொல்லவில்லை. பக்கத்துப் பேட்டைதான், ஆனால் ஸ்ரீராம்புரம் என்றதுமே அப்பாவுக்குச் சேரிதான் நினைவுக்கு வரும், அவர் முகத்தில் இரண்டும் வேறு வேறாக விழும் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்டேஷன் பக்கம். ம். அப்பா ரயில்வேயா?"

"இல்லை. கார்ப்பரேஷன்."

"எந்த செக்‌ஷன்? ரெவின்யூவா, இன்ஜினியரிங்கா?"

"ஹெல்த்."

அது பொய் இல்லை. தெருவைச் சுத்தம் செய்பவர்கள் ஹெல்த் செக்‌ஷனில்தான் வருகிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் இருந்த மனிதரிடம் அந்த ஒரு சொல் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தே சொன்னேன். அவர் முகம் தளர்ந்தது. "ஓ, ஹெல்த் இன்ஸ்பெக்டரா" என்றார். கேள்வியாக இல்லை. நான் அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தேன்.

"என்ன மனுஷா?" என்று அம்மா ஜாதி கேட்டாள். "நான் கேக்கலைம்மா" என்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே நீ சொல்லியிருக்கிறாய்.

கடைசியில் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பையன் பாட்டு தெரிஞ்சவன். நம்ம மனுஷா இல்லைதான். இருக்கட்டும், அவா அப்பாவோட ஒரு வார்த்தை பேசறேன்." கிரண், அப்பா சரி என்று சொல்லும் தூரத்தில் இருக்கிறார். நான் கனவிலும் எதிர்பார்க்காதது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பாதிதான் சொல்லியிருக்கிறேன். பாதிகூட இல்லை. ஆனால் எட்டு நாள்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்துவிடு. கையெழுத்துப் போட்டபிறகு மீதியை நானே சொல்லிக்கொள்கிறேன். கல்யாணம் ஆனபிறகு அவர்களால் என்ன செய்யமுடியும்? உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்த ஒரு முறை.

அதிதி


ஸ்ரீராம்புரம்
1 ஆகஸ்ட்

அதிதி,

உன் கடிதம் எனக்குப் புதன்கிழமை மதியம் கிடைத்தது. அன்று சாயங்காலமே உன் அப்பாவின் போன் வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்ன வீடு, எழுந்து போய்ப் பேச வேறு இடம் இல்லை.

"கிரண், அதிதி சொன்னா. நான் உன்கிட்ட அதைப் பத்தி இப்போ பேசலை. உங்க அப்பா ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்தாராமே. எந்த ரேஞ்சு? எனக்கு அங்க நெறையப் பேரைத் தெரியும்."

நீ செவ்வாய்க்கிழமை வரை அவகாசம் கேட்டாய். ஆறு நாள். "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று சொன்னால் போதும், ஆறு நாள் ஓடிவிடும். அதை யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். உன் அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தார், நீலக் கோடு போட்டது.

"இன்ஸ்பெக்டர் இல்ல சார். பௌரகார்மிக. தெரு பெருக்கினார். உங்க ஏரியாவுலயே எட்டு வருஷம் இருந்தார். வீடு ஸ்ரீராம்புரம்."

அந்தப் பக்கம் கெல்லரன் பாடிக்கொண்டிருந்தார். மெதுவாக. ஒரு வரி முழுதும் பாடி முடித்தார்.

"அப்படியா. சரிப்பா" என்றார் உன் அப்பா. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அந்த ஸ்க்ரூ இருக்கே, அதை இனிமே நானே திருப்பிக்கலாமா? ஆள் வரணும்னு இல்லையே?" என்றார்.

"நீங்களே திருப்பிக்கலாம் சார். வலது பக்கம் திருப்பினா வேகம் கூடும்."

"ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

அப்பா கேட்டார், யாருடா என்னைப் பற்றிக் கேட்பது என்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் நாளிலிருந்து. எங்கள் வீட்டிலும் நான் முழுதாகச் சொல்லாமல்தான் இருந்தேன், அதற்கு உன்மேல் பழி போட முடியாது. அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். பிறகு, "அந்தப் பொண்ணு என்னைப் போய் எதுக்குடா இன்ஸ்பெக்டர் ஆக்கிச்சு? அவனுங்ககிட்ட நான் எத்தனை ஏச்சு வாங்கியிருக்கேன்" என்று சிரித்தார். மமதாவும் சிரித்தாள். அம்மா மட்டும், "ஏண்டா, நம்ம பேரைச் சொன்னா அவ வாய் வெந்துடுமா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

உனக்கு என்மேல் ஆசை இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் நீ ஆசைப்படுகிற ஆளை உன் வீட்டுக் கூடத்தில் நிறுத்த ஒவ்வொரு முறையும் அவனைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. கையெழுத்துக்குப் பிறகு மீதியைச் சொல்வேன் என்கிறாய். அந்த மீதி என் அப்பா.

செவ்வாய்க்கிழமை வருவேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

கிரண்


எலெக்ட்ரானிக் சிட்டி
21 செப்டம்பர்

கிரண்,

நான் இனி எழுதவேண்டாம் என்று நீ மமதாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். இது கடைசி. பதில் வேண்டாம்.

உன் கடிதம் ஆபீஸுக்கு ஆகஸ்ட் நாலாம் தேதி வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று சொன்னேன். "கிரணோட அப்பா பேரு பெருமாள்சாமி. பௌரகார்மிகரா இருந்தார். இந்தத் தெருவைத்தான் பெருக்கினார். அவங்க வீடு ஸ்ரீராம்புரத்துல. நான் உங்ககிட்ட மறைச்சேன்." அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்" என்றார். அவருக்கு ஐந்து நாளாகத் தெரியும். அந்த ஐந்து நாளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார், ரசம் நன்றாக இருக்கிறது என்றார். யாரிடமிருந்து எனக்கு இந்தப் பழக்கம் வந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். அதனால் என் குற்றம் குறைந்துவிடவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். பதினொன்றரைக்கு மமதா வந்தாள், ஆட்டோவிலிருந்து தனியாக இறங்கினாள். "அண்ணன் வரலக்கா. சாட்சிக் கையெழுத்து போடறேன்னு நான் முன்னாடியே சொல்லியிருந்தேன்ல, அதான் வந்தேன்" என்றாள். திரும்பிப் போகச் சொன்னேன். போகவில்லை. கிளார்க் வந்து, "ஹுடுக எல்லம்மா?" என்று கேட்டார். மாப்பிள்ளை எங்கே என்று. நான் பேசுவதற்குள் மமதா, "பர்த்தாயித்தானெ சார், டிராஃபிக்கு" என்றாள். வந்துகொண்டிருக்கிறானாம். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "பொய்தான். இல்லன்னா இந்த நாற்காலியில உக்காரவிடமாட்டான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்து எங்கே போய் முடிந்தது என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள்.

அந்த அறையில் அன்று நாலு கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் மமதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வெந்துவிடாது. சொல்ல எட்டு நொடிகூட ஆகவில்லை. எட்டு நொடியை எட்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியும், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகத்தை மூடினார்கள். நம்முடைய நோட்டீஸ் அன்றோடு செல்லாமல் போனது. பதினேழாம் தேதி நான் வீட்டைவிட்டு இங்கே ஒரு பிஜி விடுதிக்கு வந்துவிட்டேன். புதுப் படிவம் வாங்கி, என் கையெழுத்தைப் போட்டு, உன் முகவரியில் ஸ்ரீராம்புரம் என்று எழுதி, மமதாவிடம் கொடுத்தேன். இன்று காலை அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

அதிதி